சேகர் அண்ணனின் வலது மணிக்கட்டு

நவ. 10, திங்கள்
காலையிலேயே மழை. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வர ஒன்றரை மணி நேரம். பிசியோ கிளினிக்கில் இன்று பத்து பேர். கடைசியில் சேகர் அண்ணன், ஜாஸ் டிரம்மர். மோட்டார் சைக்கிளில் விழுந்து வலது மணிக்கட்டு முறிவு. கட்டுப் பிரித்து ஆறு வாரம், இன்னும் பாதிகூட மடங்கவில்லை.

“டிரம்ஸ் எப்ப வாசிக்கலாம்?”

“முதல்ல பல்லு விளக்கப் பாருங்க அண்ணே. டிரம்ஸ மறந்துடுங்க லா.”

சிரித்தார். போகும்போது ஒரு பென்டிரைவ் கொடுத்தார். தான் வாசித்த பல வருடப் பதிவுகளிலிருந்து அவரே பொறுக்கித் தொகுத்ததாம். பியானோ, டபுள் பாஸ், சாக்ஸபோன், டிரம்ஸ். மின்கருவி ஒன்றுமில்லை. எனக்கு ஜாஸ் தெரியாது. பையில் போட்டேன்.

முட்டை, தைலம் வாங்க மறந்தாயிற்று.

நவ. 11, செவ்வாய்
மறுபடி மழை. ஃபெடரல் ஹைவேயில் நெரிசல். ரேடியோ சலித்து அந்த பென்டிரைவ். முதல் இரண்டும் பிடிபடவில்லை. மூன்றாவதில் பியானோ அடங்கியது. பிறகு சர்ர்ர் என்று ஏதோ. டயர் சத்தமோ? ஏசியை அணைத்தேன். இல்லை, சேகர் அண்ணன்தான். கம்பி பிரஷால் டிரம் தோலைத் தடவுகிறார். வட்டம், வட்டம், நடுவில் சின்னதாய் ஒரு தட்டு. சாக்ஸபோன்காரர் மூச்சிழுப்பதுகூடக் கேட்கிறது. அந்த மூச்சுக்கு இடம் விட்டு இவர் கை ஒதுங்குகிறது.

அந்தக் கை எனக்குத் தெரியும். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தவள் நான். இவ்வளவுமா அதற்குள் இருந்தது?

பின்னால் லோரி ஹாரன். முன்னால் கார்கள் எப்போதோ போய்விட்டிருந்தன. கையெல்லாம் சிலிர்ப்பு. மறந்துடுங்க என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

நவ. 12, புதன்
வெயில். போக வர அதே பாட்டுகள். வீட்டு வாசலில் காரிலேயே என் கணவர் ரவியையும் உட்காரவைத்தேன்.

“பாட்டு எங்க? வெறும் தேய்க்கிற சத்தமா இருக்கு.”

“பேசாம கேளுங்க லா.”

முடியும்வரை இறங்கவில்லை அவர். அவர் அடுப்பில் வைத்திருந்த குழம்பு அடிப்பிடித்தது.

நவ. 13, வியாழன்
மேகமூட்டம். சேகர் அண்ணனின் கார்டில் ‘இலக்கு: அன்றாட வேலைகள்’ என்று எழுதியிருந்ததை அடித்தேன். ‘டிரம் பிரஷ்’ என்று எழுதினேன்.

“அண்ணே, பிரஷ் கொண்டு வந்திருக்கீங்களா?”

இடது கையால் பையைத் திறந்தார். “எப்பவும் பேக்லதான் இருக்கும்.”

சிகிச்சைக் கட்டில் மேல் விரித்த பேப்பரில் வைத்து இழுத்தார். பாதியில் நின்றது. முகம் சுருங்கியது. முழங்கைக்கு அடியில் என் கையைக் கொடுத்தேன். மறுபடி. மறுபடி. ஐந்தாவது தடவை ஒரு வட்டம் முழுசாக வந்தது. சின்ன வட்டம், ஒரு சாசர் அளவு. அப்புறம் இன்னொன்று.

“வலிக்குதா?”

“வலிக்குது. பேசாதீங்கம்மா, தாளம் எண்ணிக்கிட்டு இருக்கேன்.”