மாற்றுச் சாவி

சவானா,
வியாழக்கிழமை.

அன்பு மகன் வெஸ்லிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் ட்ரேசியும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, இடது கையால் எழுதுகிறேன். வண்டிப் படியில் வழுக்கி விழுந்துவிட்டேன்.

முதலில் அப்பா எழுதச் சொன்னதை எழுதிவிடுகிறேன். படுக்கையும் அடுப்புமாக நாங்கள் வீடாகவே வைத்து ஊர் சுற்றும் நம் வண்டியின் சாவி செவ்வாய்க்கிழமையிலிருந்து காணவில்லை. மாற்றுச் சாவி உன்னிடம்தானே இருக்கிறது, அதைத் தபாலில் அனுப்ப வேண்டுமாம். "அவன்கிட்ட கெஞ்ச வேணாம். அனுப்பச் சொல்லு, போதும்" என்றார். போன நவம்பர் நன்றி நாள் விருந்தில் நீங்கள் இருவரும் கத்திக்கொண்ட பிறகு, அவர் வாயில் உன் பேச்சு வந்தது இதுதான் முதல் தடவை. சாவி வந்ததும் ஃபுளோரிடாவுக்குப் புறப்பட வேண்டும் என்று துடிக்கிறார்.

ஊர் பார்த்த கதையையும் எழுதச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தோம். இந்த மாதிரி வண்டிகளை நிறுத்தித் தங்கும் முகாமின் அலுவலகத்தில் ஊர் சுற்றுவதற்கான கையேடு கொடுத்தார்கள். "எழுத்து பொடியா இருக்கு, நீ வாசி" என்று என்னிடம் தந்தார். இரண்டு முறை வாசிக்க வைத்தார். எந்தத் தெருவில் எந்தச் சிலை, எந்தத் திருப்பத்தில் எந்தத் தேவாலயம் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தார். இவ்வளவு ஆசையா என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை ஜன்னல் இல்லாத சுற்றுலா வண்டியில் ஏறினோம். நல்ல புழுக்கம், மூக்குக்குள் புகும் பூச்சிகள் வேறு. ஓக் மரங்கள் தெருவை மூடி நிற்கின்றன, கிளைகளிலிருந்து பாசி நம் தலையைத் தொடுகிற மாதிரி தொங்குகிறது. அப்பா பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். வழிகாட்டிப் பெண்ணே "சார், என் வேலையைப் பறிச்சிருவீங்க போல" என்று கேலி செய்தாள். ஒரு தெருவில் தண்ணீர்க் குழாய் வெடித்திருந்ததால் வண்டியை வேறு வழியில் திருப்பினார்கள். அது அப்பாவுக்குத் தெரியவில்லை. கையை நீட்டி, "வெர்னா, அந்த வெள்ளைத் தூணைப் பாரு. நாலு ஆள் சேர்ந்தாலும் கட்டிப் பிடிக்க முடியாது" என்றார். அங்கே கார் நிறுத்தும் கான்கிரீட் கட்டடம்தான் இருந்தது. வண்டியே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் என் முழங்காலைப் பிடித்திருந்த கையை முகாம் வரும்வரை எடுக்கவே இல்லை.

அவர் என் எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு, நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்படியிருந்தும் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால் உனக்கே புரிந்திருக்கும். அவருக்கு ஓரக்கண்ணில் கொஞ்சம் தெரிகிறது, நேரே பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை.

விருந்தில் அவர் குழம்பைத் தட்டுக்கு வெளியே ஊற்றியதைப் பார்த்து நீ, "அப்பா, இனி வண்டி ஓட்டாதீங்க" என்றாய். என் வீட்டில் காலை வைக்காதே என்று அவர் கத்தினார். நானும் அவர் பக்கம் சேர்ந்து, முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவருக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாயா என்று கேட்டேன். அப்போதே எனக்குப் பாதி தெரியும், வெஸ்லி. வழி நெடுக ஊர்க்கதை பேசுகிற மாதிரி, சிவப்பு விழுந்துடுச்சு, முன்னாடி பள்ளிக்கூட வண்டி நிக்குது என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நான்தான். அவருக்குத் துணையாக இருப்பதாக நினைத்தேன். அந்தப் பள்ளிக்கூட வண்டியை நினைத்து இப்போது ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

படியில் விழுந்தேன் என்பது பொய். அப்பாவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை முகாமிலேயே வேறு இடத்துக்கு வண்டியை மாற்றச் சொன்னார்கள். முப்பது அடி தூரம்தானே என்று அவரையே ஓட்ட விட்டுவிட்டேன். வழக்கம்போல நான் பின்னால் நின்று கை காட்டினேன். பக்கக் கண்ணாடியில் நான் தெரியாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும், அதுதான் எங்கள் சட்டம். இரண்டு கையையும் தூக்கி நிறுத்தச் சொன்னேன். அவர் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டே வந்தார். வண்டியின் பின் ஏணிக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் என் கை மாட்டிக்கொண்டது. இன்னொரு கையால் தட்டியதும் நிறுத்திவிட்டார். "சரியா நிறுத்தியிருக்கேனா?" என்று உள்ளேயிருந்து கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன்.

முகாமில் எங்களுக்குப் பக்கத்து இடத்தில் தங்கியிருக்கும் பெக்கி பார்த்துவிட்டாள். மருத்துவமனைக்குக் கூட்டிப் போனவளும் அவள்தான். "நீங்க அவர்கிட்ட சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?" என்று தினமும் கேட்கிறாள். அவள் போனிலிருந்து உன்னை மூன்று முறை கூப்பிட்டேன். உன் குரல் கேட்டதும் வெட்கத்தில் போனை வைத்துவிட்டேன். தெரியாத எண் என்று நினைத்திருப்பாய்.

சாவி தொலையவில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு நேரே, முன்கண்ணாடியில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஒளித்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. கண்ணில் பட்டால் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். இன்று காலைகூட அந்த இருக்கையில் அரைமணி நேரம் உட்கார்ந்து தேடினார். அது அவர் முகத்துக்கு எதிரே ஆடிக்கொண்டிருந்தது.

மகனே, சாவியை அனுப்பாதே. நீயே கொண்டு வா. ஊர் பார்க்க வந்ததாகச் சொல். அன்றே சொன்னேனே என்று மட்டும் சொல்லிவிடாதே, அதை நான் எனக்கே தினமும் சொல்லிக்கொள்கிறேன். அவரைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து நீ ஓட்டு. கர்த்தர் உன் வழியெல்லாம் கூட வருவார்.

அன்புடன்,
அம்மா.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது, தானும் கையெழுத்துப் போட வேண்டும் என்று அப்பா தாளை வாங்கிக்கொண்டார். "ஊர் கண்ணுக்கு நிறைவா இருந்துச்சுன்னு எழுதினியா?" என்று கேட்டார், எழுதினேன் என்றேன். 'அன்புடன் அப்பா' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார் பார். அது என் கடைசிப் பத்தியின் மேலேயே விழுந்துவிட்டது. உன்னால் வாசிக்க முடியாமல் போய்விடுமோ என்று இங்கே மறுபடியும் எழுதுகிறேன். சாவியை அனுப்பாதே. நீ வா.