உப்பில்லாத சாப்பாடு

புரூக்ளின்,
ஆகஸ்ட் 9, 1994

அன்புள்ள வெர்லினுக்கு,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இத்தனை வருடம் கேட்காதவன் இப்போது கேட்டால் நீ சிரிப்பாய். சிரித்துவிட்டுப் போ. நலமா?

வீட்டில் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறாய் என்று இங்கே நம் ஊர் ஆட்கள் சொன்னார்கள். செப்டம்பரில் ஒரு வாரம் எனக்கு ஓர் அறை கிடைக்குமா? விருந்தாளியாகத்தான் கேட்கிறேன். கணவன் என்று சொல்லிக்கொண்டு உன் வாசலில் நிற்க எனக்கு முகம் இல்லை.

ஏன் வருகிறாய் என்று கேட்காதே. எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நாரிஸ்


வின்ட்வர்ட், கரியாகு தீவு,
ஆகஸ்ட் 24

நாரிஸுக்கு,

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டுச் செல்மாவிடம் காட்டினேன். "ஏண்டி, புத்தி உள்ளவன் கார்னிவலுக்கு வருவான், படகுப் போட்டிக்கு வருவான். அடைமழையில வர்றவன் ஒண்ணு ஒளிய வர்றான், இல்ல சாக வர்றான்" என்றாள். "இல்லடி, வீட்டை விக்க வர்றான்" என்றேன் நான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறை காலிதான். இந்த மாதங்களில் யார் வருகிறார்கள்? மழைத்தொட்டி நிரம்பி வழிகிறது, தவளைகள்தான் குடியிருக்கின்றன. வா. ஆனால் எந்த அறையில் படுக்கை விரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. விருந்தாளி அறையில் விரித்தால் மனசு கேட்கவில்லை. நம் பழைய அறையில் விரித்தாலும் கேட்கவில்லை.

இன்னொன்று. உன் அம்மா என் கனவில் வருகிறாள். நனைந்துபோய்ச் சமையலறை வாசலில் நிற்கிறாள். ஒன்றும் பேசுவதில்லை. செத்துப்போன பிறகும் மாமியார் மாமியார்தான்.

வெர்லின்


புரூக்ளின்,
செப்டம்பர் 5

அன்புள்ள வெர்லினுக்கு,

வீட்டை விற்க வரவில்லை. கூரை ஒழுகாத அறை எதுவானாலும் சரி.

ஒரு விஷயம், சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு ரத்த அழுத்தம். உப்பைத் தொடவே கூடாது என்கிறார் டாக்டர். எனக்காக உப்பில்லாமல் சமைப்பாயா? மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது, உனக்குத் தெரியும். நீ உப்பில்லாமல் ஒரு தட்டு வைத்தால் அதையே உன் பதிலாக எடுத்துக்கொள்வேன்.

17ஆம் தேதி, சனிக்கிழமைப் படகில் வருகிறேன்.

நாரிஸ்


புரூக்ளின்,
செப்டம்பர் 29

என் அன்புள்ள வெர்லின்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நேரில் பேச முடியாததை எழுதுகிறேன்.

சனிக்கிழமை வர வேண்டியவன் வெள்ளிக்கிழமையே வந்தேனே, அது படகுக்காரன் வேலை. "இன்னிக்கே ஏறுய்யா. நாளைக்குன்னா மீனுக்குத்தான் நீ விருந்தாளி" என்று பிடித்து இழுத்துவிட்டான். வந்து பார்த்தால் வீட்டில் நீ இல்லை. நடு அறைக் கதவைத் தள்ளினேன். வெள்ளைத் துணி விரித்த மேசை. துவரைச் சோறு, கோழி, சோளமாவுக் களி, ஒரு கிளாஸ் ரம். ஒரே ஒரு நாற்காலி. அணைந்துபோன மெழுகுவத்தி ஒன்றும் இருந்தது, கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். சொட்டச் சொட்ட அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதல் வாயிலேயே தெரிந்தது, ஒரு கல் உப்பு இல்லை. வெர்லின், நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

ஆனால் மற்றது எதுவும் புரியவில்லை. என்னைப் பார்த்ததும் ஏன் அப்படி அலறினாய்? மறுநாள் மீனில் ஏன் உப்பை அள்ளிக் கொட்டியிருந்தாய்? அதையும் தின்றேன். அந்த வாரம் முழுவதும் என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாயே தவிர, ஒரு வார்த்தை சொல்லவில்லை. விருந்தாளி அறையில் படுத்து மழையைக் கேட்டுக்கொண்டு குழம்பினேன். கடைசியில் அந்த முதல் நாள் மேசையை நம்புவது என்று முடிவு செய்தேன்.

வேலையை விட்டுவிடப் போகிறேன். நவம்பரில் வந்துவிடுகிறேன், விருந்தாளியாக அல்ல. வரட்டுமா?

உன் நாரிஸ்


வின்ட்வர்ட்,
அக்டோபர் 14

நாரிஸுக்கு,

உப்பைப் பற்றி நீ எழுதிய கடிதம், நீ திரும்பிப் போன பிறகுதான் வந்தது. கடல் கெட்டிருந்ததால் தபால் மூட்டை பெரிய தீவான கிரெனடாவிலேயே கிடந்ததாம்.

அந்த மேசை உனக்குப் போட்டதில்லை.

நீ வருவதற்கு முந்தின நாள் கனவில் உன் அம்மா வாய் திறந்துவிட்டாள். "பசிக்குதுடி" என்றாள். கேட்ட பிறகு போடாமல் இருக்க முடியுமா? செத்தவர்களுக்கு உப்பில்லாமல் சமைத்து, மெழுகுவத்தி ஏற்றி, கதவைச் சாத்திவிட்டு நாம் வெளியே போய்விட வேண்டும். உனக்கும் தெரிந்ததுதான், அந்த ஊர் உன்னை மறக்க வைத்துவிட்டது. செல்மா வீட்டில் இருந்துவிட்டு வந்து கதவைத் திறக்கிறேன், உன் அம்மாவுக்குப் போட்ட நாற்காலியில், உன் அம்மாவின் மூக்கோடு, தண்ணீர் சொட்ட ஓர் ஆள் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருக்கிறான். அலறாமல் என்ன செய்வது?

படகு கவிழ்ந்து நீ செத்துத்தான் வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். செத்தவன் உப்பைத் தொடமாட்டான் அல்லவா? அதற்குத்தான் அந்த மீன். நீ தட்டை வழித்துத் தின்றாய். தொட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். உயிரோடு இருக்கிறாய் என்று நான் இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று எனக்கே தெரியாது. அந்த மீனே உன்னைக் கொன்றிருக்கும் என்பதும் தெரியாது.

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டு வந்தாலும் வர்றான்ல, வாயை மூடிக்கிட்டு இருடி" என்கிறாள் செல்மா. என்னால் முடியாது. உன் அம்மாவுக்கு வைத்த சோற்றை நம்பி நீ வேலையை விட்டுவிட்டு வரக் கூடாது. உன்னை மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. இல்லை என்றும் எழுதக் கை வரவில்லை. அன்றிலிருந்து அவள் கனவில் வருவதில்லை. பசி என்றாளே, தனக்குச் சொன்னாளா, உனக்குச் சொன்னாளா? யோசித்து யோசித்துத் தலை சுற்றுகிறது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் வருவதென்றால் நவம்பரில் வராதே. மழை விட்ட பிறகு, கிறிஸ்துமஸுக்கு வா. அப்போது வெளியூர்க்காரர்கள் வந்து விருந்தாளி அறைகள் இரண்டும் நிரம்பியிருக்கும்.

உப்பு போட மாட்டேன்.

வெர்லின்