திரும்பி வராத பண்டல்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் உடம்பு விசாரிக்க வந்த ஒருத்தி என் காதுக்குள் கத்தினாள். பக்கவாதம் வந்ததில் வாய் லேசாகக் கோணியிருக்கிறது, இடது கை சொன்ன பேச்சு கேட்பதில்லை. காது நன்றாகத்தான் இருக்கிறது. "முப்பத்திமூணு வயசுலயா?" என்று வேறு கேட்கிறார்கள். வயசைப் பார்த்தா வருது சனியன்?

மார்ச் 11, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து சண்முகப்பிரியா என்ற பெண் வீட்டுக்கு வந்தாள். பக்கவாதம் வந்த சின்ன வயசுக்காரர்களுக்கு இன்னும் என்ன தேவை என்று விசாரிக்கிறார்களாம். தானாகச் சாப்பிட முடிகிறதா, குளிக்க முடிகிறதா, படியேற முடிகிறதா — எல்லாவற்றுக்கும் என் வீட்டுக்காரர் ராபினே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். "ஏங்க, வாதம் வந்தது எனக்கா, உங்களுக்கா?" என்றேன். அந்தப் பெண் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"உங்களுக்கு என்னங்கக்கா வேணும்?"

"என் ஓவர்லாக் தையல் மெஷின் வேணும்."

அப்படி ஒரு பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. "உங்க முதலாளிகிட்ட நான் வேணாப் பேசட்டுங்களா?" என்றாள். வேண்டாம் என்றேன். இத்தனை வருஷம் அருள்புரத்தில் ஒரே பனியன் கம்பெனியில் தைத்திருக்கிறேன். எனக்குப் பேசத் தெரியாதா?

மார்ச் 17, திங்கள்

டாக்டர் தைக்கலாம் என்றுவிட்டார். நேரே முதலாளி கந்தப்பன் அண்ணனிடம் போனேன். "வாசல்ல சும்மா உக்காந்துக்க கண்ணு, சம்பளம் போட்டர்றேன்" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் சும்மா உட்காரவா தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தேன்? "மெஷின் குடுங்கண்ணே, இல்லாட்டி வேற கம்பெனி பாத்துக்கிடுதேன்."

என் இடது கையை ஒரு தரம் பார்த்தார். "சரி, அடுத்த வாரம் வாங்க."

மார்ச் 25, செவ்வாய்

நேற்றிலிருந்து மறுபடி மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். துணி வழுக்கி ஓடுகிறது. இடது உள்ளங்கையைத் தட்டையாக வைத்து அமுக்கினால் நிற்கிறது. வீட்டுக்கு வந்து செருப்போடு படுத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

தையலைச் சரிபார்க்கிற செக்கிங்கிலிருந்து ஒரு பீஸ்கூடத் திரும்பி வரவில்லை! செக்கிங் சாமியாத்தாள் அக்கா கண்ணில் தப்புவது லேசுப்பட்ட காரியமா? ராபினிடம் பெருமையடித்துத் தள்ளினேன். மீன் வாங்கிவரச் சொல்லிக் குழம்பு வைத்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

டீ குடிக்கப் போனவள், மறந்துவிட்ட போனை எடுக்கத் திரும்பி வந்தேன். சாமியாத்தாள் அக்காவும், எனக்குத் துணி எடுத்துக் கொடுக்கிற கைமடி சீனியம்மாளும் நான் தைத்து முடித்த பண்டலை விரித்து, கோணிப்போன தையலையெல்லாம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மெஷினில் கொடுத்துத் தைத்துச் சேர்த்துவிடுவார்களாம். நான் மறுபடி வேலைக்கு வந்த நாளிலிருந்தே.

"உங்க மனசு நோகக் கூடாதுன்னுதானுங்க..." அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐயோ, அப்போ நான் அடிச்ச பெருமையெல்லாம்? வந்த ஆத்திரத்துக்கு — "நான் என்ன செத்தா போயிட்டேன்? என் பீஸ எவளும் தொடப்பிடாது! கெட்டுப்போனா என் கையில குடுங்க, நானே பிரிக்கேன், நானே தைக்கேன்"னு கத்திட்டேன். வாய் குழறிச்சு. குழறட்டும். எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும்.

ஏப்ரல் 9, புதன்

பாதிப் பண்டல் திரும்பி வந்தது. பாத்ரூமில் போய் அழுதேன். முகத்தைக் கழுவிவிட்டு வந்து பிரித்துத் தைத்தேன்.

மே 6, செவ்வாய்

துணியை இனி வலப்பக்கம் அடுக்கு என்று சீனியம்மாளிடம் சொன்னேன். இப்போது ஓரம் நேராக ஓடுகிறது. திரும்பி வருவதும் குறைந்துவிட்டது. இந்தத் தடவை நிஜமாகவே.

ஜூன் 14, சனி

ஷிப்மெண்ட் அவசரம். சாமியாத்தாள் அக்கா ஒரு டீசர்ட்டைக் கொண்டுவந்து என் மெஷின் மேல் விசிறினார். "ஏனுங்க ஆஷா, ஷோல்டர் தையல் எங்க போகுது, பல்லடத்துக்கா? பராக்குப் பாத்துட்டே தைப்பீங்களா?"

லைனே திரும்பிப் பார்த்தது. நான் விடுவேனா? "கட்டிங்கே கோணலா வந்தா நான் என்னக்கா செய்ய? அங்க போய்க் கத்துங்க!"

அக்கா பீஸை விரித்துப் பார்த்தார். கட்டிங்தான் தப்பு. கட்டிங் மேஜைக்குப் போய் இன்னும் சத்தமாகக் கத்தினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பெருமையாக, "இன்னைக்குச் செக்கிங்ல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்" என்றேன். ராபின் பதறிப்போய், "நான் வந்து பேசட்டுமா?" என்றார்.

"அதெல்லாம் பேசியாச்சு. பசிக்கு, சோத்தப் போடுங்க."