லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் வாளி

அன்பு மகளுக்கு,

இங்கே நானும், என் வாயில் இருக்கும் பல் செட்டும், பால்கனியில் தொங்கும் வாளியும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் இருமலும் எப்படி? இருமல் போய்விட்டது, நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று பதில் வந்தால் சந்தோஷப்படுவேன். போன் இருக்கும்போது அப்பா எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ நாலு விஷயத்தை முடிவு செய்துவிடுகிறாய், மீறி நான் ஏதாவது சொன்னால் மூக்கை உறிஞ்சுகிறாய். நீ மூக்கை உறிஞ்சினால் நான் எதற்கும் சரி என்றுவிடுவேன் என்பது உனக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பிருந்தே தெரியும். கடிதத்தில் அந்த வித்தை செல்லாது. அடுத்த மாதம் வந்து என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போகப் போகிறாய், வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டாய். அவர் நேற்று வந்து, நான் போய்ச் சேர்ந்துவிட்டதுபோலத் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் நேராக வரமாட்டேன், சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுமையாகப் படி.

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம். நோய் பரவி எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோமே, அந்தச் சமயத்தில் உங்களுக்கு நல்லது ஏதாவது நடந்ததா என்று வயதானவர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எதிர்ப்பக்கம் சலூன் வைத்திருந்தவரை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் குத்தாத காதைப் பிடித்துக் கேலி செய்வாரே, அவர் ஆஸ்பத்திரிக்குத் தன் காலாலேயே நடந்து போனார், திரும்பி வரவில்லை. எங்களுக்கு அவர் முகத்தைக்கூடக் காட்டவில்லை. இன்றைக்கும் அந்த ஷட்டரைத் தாண்டும்போது குனிந்தபடியே வேகமாக நடக்கிறேன். இதில் நல்லது வேறயா என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். அவள் பொறுமைசாலி. "அது இல்லைங்கய்யா, உங்களுக்குன்னு, சின்னதா ஏதாவது?" என்றாள். கொஞ்சம் யோசித்து, வாளி என்றேன். என்னது என்றாள். "வாளிம்மா, தண்ணி மொள்ற வாளி" என்றேன். அதை எழுதிக்கொண்டாளா, இல்லை பெரியவருக்கு மறை கழன்றுவிட்டது என்று எழுதிக்கொண்டாளா, தெரியாது.

உனக்கும் இந்த வாளிக் கதையை முழுசாகச் சொன்னதில்லை. நீ அங்கே ஒற்றை அறைக்குள் முடங்கிக் கிடக்கும்போது இங்கே நான் கூத்தடித்துக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது. வயதானவர்கள் படியிறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா. வேலை பார்த்த காலமெல்லாம் ஊரில் உள்ளவர்களை லிஃப்ட்டில் ஏற்றி இறக்கியவன், கடைசியில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன், அதுவே ஒரு தமாஷ். சும்மா இருக்குமா கை? மொட்டைமாடிக் கம்பியில் ஒரு கப்பியை மாட்டினேன், கயிறு போட்டேன், வாளியைக் கட்டினேன். கீழே மளிகைக்கடைக்காரர் சாமானைப் போடுவார், நான் என் பால்கனியில் நின்று இழுப்பேன். இரண்டாம் மாடியில் ஒரு நிறுத்தம், என்னிடம் ஒரு நிறுத்தம், நாலாம் மாடியில் கணக்கு டீச்சர் வீட்டில் கடைசி நிறுத்தம். டீச்சருக்கு விரல் முட்டியெல்லாம் வீக்கம், கயிற்றைப் பிடிக்க முடியாது. இரண்டாம் மாடிக்காரருக்கு இதயத்தில் ஆபரேஷன் ஆனது, பாரம் இழுக்கக் கூடாது. ஆகவே இந்தக் கட்டடத்துக்கு மோட்டாரும் நானே, மெக்கானிக்கும் நானே. சாமானோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டீச்சர் தான் படித்து முடித்த பத்திரிகையை இறக்கினார், நான் டீ போட்டு ஏற்றினேன், டீயில் சர்க்கரை இல்லை என்று ஒரு துண்டுச்சீட்டு இறங்கியது, கூடவே வெறும் கப்பும் இறங்கியது. பிடிக்கவில்லை என்றால் கப் ஏன் காலியாகிறது என்று நான் திருப்பி எழுதினேன். இப்படியே போயிற்று.

இரண்டாம் மாடி என்றதும் உனக்குச் சிடுமூஞ்சி ஞாபகம் வந்திருக்கும். அவரேதான். நான் துவைத்துக் காயப்போட்ட சட்டை அவர் தலையில் சொட்டியதற்காக வருஷக்கணக்காக என் முகத்தைப் பார்க்காதவர். வாளி அவர் பால்கனியில் நிற்கும்போதுகூட, சாமானை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். ஒருநாள் அவருக்குச் சர்க்கரை தீர்ந்துபோய்விட்டது, கடையிலும் இல்லை. மேலே பார்த்துக் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, மளிகைக்கடைக்காரர் மூலமாகச் சொல்லி அனுப்பினார். சரி, பாவம் என்று ஒரு டப்பாவில் சர்க்கரை போட்டு வைத்தேன். அன்றைக்கென்று என் பல் செட்டில் விரிசல், அதைக் கடைக்காரர் மூலமாக ரிப்பேருக்கு அனுப்ப அதே மாதிரி இன்னொரு டப்பாவில் போட்டு வைத்தேன். இரண்டையும் ஒன்றாகவே வாளியில் வைத்து இறக்கினேன். எது யாருக்கு என்று உரக்கச் சொல்லத்தான் சொன்னேன், ஆனால் பல் இல்லாத வாயால் சொன்னால் யாருக்குப் புரியும்? சிடுமூஞ்சி ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தெருவே அதிரும்படி ஒரு அலறல். கையில் ஸ்பூனோடு பால்கனிக்கு ஓடி வந்தார். நான் மேலிருந்து எட்டிப் பார்த்தேன், சிரித்து வைத்தேன், என் பொக்கை வாயைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மனிதர் சிரிப்பார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், ஆபரேஷன் தையல் பிரிந்துவிடப் போகிறதே என்று எனக்குப் பயமாகிவிட்டது. பல் செட் ரிப்பேராகி வருகிற வரைக்கும் தினமும் மதியம் மசித்த உருளைக்கிழங்கு என் வாளியில் ஏறியது. உப்பு தூக்கல்தான், ஆனால் வாயைத் திறந்து குறை சொல்ல எனக்குப் பல் வேண்டுமே.

இப்போது உன் சங்கதிக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டே இருக்கிறேன், பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது, அப்பாவுக்கு மனச்சோர்வு என்று நீயாக ஒரு முடிவுக்கு வந்து, யாரோ டாக்டர் தோழியிடம் கேட்டு, பார்சலில் சத்து மாத்திரை அனுப்பினாய். மகளே, நான் குனிந்து பார்த்ததெல்லாம் வாளியை. பிஸ்கட் வரும் நேரம் அது, கொஞ்சம் அசந்தால் சிடுமூஞ்சி கிரீம் வைத்ததை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் பிஸ்கட்டை மேலே விடுவார். மாத்திரை வீணாகவில்லை, மூன்று மாடிக்கும் பங்கு போட்டோம், டீச்சருக்கு இப்போது குரல் இன்னும் ஓங்கியிருக்கிறது. டீச்சர் டீச்சர் என்று அப்பா ஏன் இத்தனை தடவை எழுதுகிறார் என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. தூக்கிக்கொள். நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

வாளிக் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு அந்த ஆராய்ச்சிப் பெண் கடைசியில் ஒன்று கேட்டாள். "நல்லதுன்னு நீங்க சொன்னதுல எல்லாம் யாராவது ஒரு ஆள் இருக்காங்களே, கவனிச்சீங்களா ஐயா?" என்றாள். அதுவரை நான் கவனிக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டார்கள், எல்லாரும் தெருவில் நடக்கிறார்கள், ஆனாலும் வாளியை நாங்கள் அவிழ்க்கவில்லை. காலையில் என் வாளி ஏறவில்லை என்றால் மேலே ஒருத்தர் கத்துவார், கீழே ஒருத்தர் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்து கதவைத் தட்டுவார். நான் உன்னோடு வந்துவிட்டால் இழுக்க ஆளில்லை, கயிறு சும்மா தொங்கும். அதனால் நான் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே, மூக்கையும் உறிஞ்சாதே. உன்னைப் பார்க்காமல் இருப்பது எனக்கு வலிக்காது என்று நினைத்துவிடாதே, வலிக்கிறது, தினமும் வலிக்கிறது. ஒரு மாதம் வந்து தங்குகிறேன், அந்த ஒரு மாதத்துக்குக் கயிறு இழுக்க மளிகைக்கடைக்காரரைப் பழக்கிவிட்டு வருகிறேன். வீட்டுக்காரரிடம் நானே பேசிவிட்டேன்.

ஆனால் ஒன்று. அந்த வீடியோவில் நீ மட்டும் என்னைப் பார்க்கவில்லை, நானும் உன்னைப் பார்த்தேன். எப்போதும் மூடிய திரை, பின்னால் ஒரே ஒரு நாற்காலி. இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட, நாம் பேசும்போது உன் வீட்டு மணி அடித்து நான் கேட்டதில்லை. இருமலில் கிடந்தாயே, யார் ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்தார்கள் என்று நான் கேட்டபோது நீ பேச்சை மாற்றினாய். தனியாக இருப்பது நான் என்று நினைத்துக்கொண்டு நீ என்னை மீட்க வருகிறாய். உங்கள் கட்டடத்தில் பெரிய லிஃப்ட் இருக்கிறது, அதில் எல்லாரும் மாறுகிற மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், யாரும் பேச மாட்டார்கள் என்று நீதானே சொன்னாய். லிஃப்ட்டை எனக்குத் தெரியும். பொத்தானுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்தான் முதலில் பேச வேண்டும், அதுதான் அதன் முறை.

காலாகாலத்தில் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, மனசு நிறைந்து நன்றாக இரு. நாளைக்கு லிஃப்ட்டில் ஏறியதும் பொத்தான் பக்கம் போய் நில். யார் வந்தாலும், எந்த மாடி என்று கேள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுது.

ஆசீர்வாதத்துடன்,
மூன்றாம் மாடி மோட்டார்,
உன் அப்பா