பொடி அறை இயந்திரத்தை அகற்றும் முன் அதன் பின்பக்கக் குழாயைப் பார்வையிட வேண்டி

அனுப்புநர்
பொடி அறை ஆப்பரேட்டரின் மனைவி,
தையற்கடை, தொழிற்சாலைக் குடியிருப்பு.

பெறுநர்
தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: தீ விபத்து விசாரணையை மீண்டும் நடத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் இயக்கியது, உலோகப் பொடியை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி, ராக்கெட் எஞ்சின் பாகங்களை ஒரே துண்டாக அச்சிடும் இயந்திரம். "ஒரு தையல்கூட கிடையாது, உன் பொழப்பு அங்க நடக்காது" என்று தையற்காரியான என்னைக் கேலி செய்வார். அந்த வேலையில் அவருக்கு அவ்வளவு பெருமை.

2. அச்சிடும்போது எழும் உலோகப் புகைக்கரி ஒரு வடிகட்டியில் சேரும். காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும். ஆகவே வடிகட்டிப் பெட்டிக்குள் தீயை அண்டவிடாத வாயுவைச் செலுத்தி, பச்சை விளக்கு எரிந்த பிறகே வடிகட்டியை மாற்றத் திறப்பார்கள். சென்ற மாதம் அவர் அப்படித் திறந்தபோது தீ முகத்தில் அடித்தது. கையுறையால் கைகள் தப்பின. இரு கண்களிலும் பார்வை போய்விட்டது.

3. நிறுவனம் விசாரித்தது. இயந்திரத்தை அல்ல, கணினிக்குள் வைத்திருக்கும் அதன் நகலை. அதை 'இரட்டை' என்கிறார்கள். இரட்டையில் வாயு ஒழுங்காக நிரம்பியதாம். ஆகவே விளக்கு எரியும் முன்பே அவர் திறந்திருக்க வேண்டும், கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

4. அந்த நகல், இயந்திரம் வந்து இறங்கிய புதிதில் எடுக்கப்பட்டது. பிறகு நடந்ததை அவருடன் வேலை பார்ப்பவர் என்னிடம் சொன்னார்: "அக்கா, ரெண்டாவது மெஷினுக்கு இடம் பத்தலன்னு இதைச் சுவரோட ஒட்டித் தள்ளிட்டோம். பின்னாடி வாயுக் குழாய் மடிஞ்சு கிடக்கு. விளக்கு நேரக் கணக்குலதான் எரியும், வாயு வந்துச்சான்னு அதுக்குத் தெரியாது." இதில் கையெழுத்திட அவர் அஞ்சுகிறார். பிள்ளைகுட்டிக்காரர், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணினிக்குள் இருக்கும் இயந்திரத்தை யாரும் சுவரோரம் தள்ளவில்லை.

5. எனக்கும் இரட்டைப் பிள்ளைகள் உண்டு. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுடவில்லை என்று நான் படுக்கப் போவதில்லை. படித்தவர்கள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

6. இதையெல்லாம் விடப் பெரிய துயரம் ஒன்று உண்டு. விளக்கு எரிந்தது என்று உறுதியாகச் சொன்ன என் கணவர், அறிக்கையை வாசித்துக் காட்டிய நாள் முதல் தன்னையே நம்புவதில்லை. "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? நான்தான் அவசரப்பட்டிருப்பேன்" என்கிறார். பார்வை போனதற்கு அழாத மனிதர் இதைச் சொல்லி அழுதார். என்னால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். போய்விட்டால் மிஞ்சுவது இரட்டை மட்டுமே. ஆகவே அதற்கு முன் அதைத் தடுத்து நிறுத்தி, தாங்கள் நேரில் வந்து சுவருக்கும் இயந்திரத்துக்கும் இடையே பார்க்குமாறு வேண்டுகிறேன். என் கணவரையும் நான் அழைத்து வர அனுமதி வேண்டும். குழாய் நேராக இருந்தால் அதை நானே அவரிடம் சொல்லிக்கொள்கிறேன். மடிந்திருந்தால் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், அவர் கையால் தொட்டுப் பார்க்கட்டும்.

இடம்: மருத்துவமனை, கண் பிரிவு
நாள்: செவ்வாய்க்கிழமை

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஆப்பரேட்டரின் மனைவி