அமைச்சரிடம் அக்கா கேட்ட கேள்வி

என் அன்பான செல்லம்மா அக்காவுக்கு,

உன் கருமாதி முடிந்து உறவுகள் கலைந்துவிட்டன. உன் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இந்த மண் உன் பேருக்கு வந்த கதையை இங்கே வந்தவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

கூலி உயர்வு கேட்டதற்காக மிராசுதார் நம் தெருவையே காலி செய்யச் சொன்ன வருஷம் அது. குடிசை நம்முடையது, மனை அவருடையது. விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்களோடு கீழ்வேளூரில் ரயிலேறி டெல்லி வந்தாய். நான் அப்போது விவசாய அமைச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. அமைச்சருக்குத் தமிழ் தெரியாததால் மொழிபெயர்க்க என்னையே உட்காரவைத்தார்கள். வேலை போய்விடுமோ என்று பயந்தேன்.

அமைச்சர் மரியாதையாகத்தான் பேசினார். நிலச்சட்டம் மாநில அரசின் பொறுப்பு, தன்னால் பட்டா கொடுக்க முடியாது என்றார். மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். நீ எழவில்லை.

"அப்ப அவரு எதுக்கு இருக்காருன்னு கேளு, தம்பி."

நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "மாத்தாம கேளு" என்றாய். கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. முதலமைச்சருக்கு எழுதலாம், மந்திரிசபையில் பேசலாம், நாடாளுமன்றத்தில் யாராவது கேட்டால் எழுந்து பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றார்.

"கேட்டா சொல்லித்தான் ஆகணுமா?" என்றாய். ஆமாம் என்றேன்.

ஊர் திரும்பியதும் நம் தொகுதி எம்.பி. வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாய். வெளியூர் என்றார்கள், மறுபடியும் போனாய். கடைசியில் அவர் சபையில் கேட்டார். பதில் சொல்வதற்காக அமைச்சர் மாநிலத்திடம் அறிக்கை கேட்க, சென்னையிலிருந்து கலெக்டருக்கு உத்தரவு வந்து, தாசில்தார் நம் தெருவில் வந்து நின்றார். காலி செய்யும் பேச்சு அடங்கியது. பிறகு மாநில அரசு போட்ட சட்டத்தில் மனை உன் பேருக்கு ஆனது. உன் ஒருத்தியால் வந்த சட்டம் என்று சொல்லமாட்டேன். அதற்காகச் சிறை போனவர்கள், செத்தவர்கள் எத்தனை பேர்.

அமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள். நான் ஓய்வுபெறும்வரை அதே அமைச்சகத்தில் சபைக்கான பதில்களைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் எந்த ஊர் மனுஷி, யார் வாசலில் காத்துக்கிடந்தாளோ என்று நினைப்பேன். இதை உன்னிடம் ஒருநாளாவது சொல்லியிருக்கிறேனா, அக்கா?

உன் மகள் வளர்மதி அடுத்த வாரம் டெல்லி போகிறாள். வாய்க்கால் முடிகிற கடைமடைக்கு, நம் ஊருக்கு, தண்ணீர் வரவில்லை. நீர்வளத்துறை அமைச்சரைப் பார்க்க ஊர்ப் பெண்கள் கிளம்புகிறார்கள். "மாமா, நீங்களும் வாங்க" என்றாள். மூட்டுவலி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால், வருகிறேன் என்றுவிட்டேன்.

போகிறேன், அக்கா. பதில் வாங்காமல் அந்தப் பெண்களை விட்டுவிட்டுத் திரும்பமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவன்,
முருகையன்