பார்த்தபடி வாங்கியது

பிப்ரவரி 18, செவ்வாய்

காலையில், கட்டிலும் அடுப்பும் வைத்த எங்கள் வீட்டு வேனின் பின்பக்க ஜன்னலைத் திறக்கப் போனேன். உறைபனி, கொண்டி அசையவில்லை. விவரம் தெரிந்தவன் வெந்நீர் கொண்டுவந்திருப்பான். நான் இழுத்தேன். கொண்டி கையோடு வந்தது, ஜன்னலில் ஒரு சில்லையும் கூட்டிக்கொண்டு.

அக்ரிலிக் ஜன்னல். இரண்டு தகடுகள், நடுவே காற்று. மேல் விளிம்பு சட்டத்தில் தொங்கும். கீழே இரண்டு கொண்டிகள் பிடித்துக்கொள்ளும். இப்போது ஒன்று. வேனுக்கு முப்பத்திரண்டு வயது. இந்த அளவில் இப்போது யாரும் ஜன்னல் செய்வதில்லை.

ஈஸ்டருக்குள் வேனை விற்றுவிடுவது என்று நானும் என் மனைவி ஆல்முட்டும் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறோம். அதாவது ஆல்முட் பேசினாள்.

"உடைச்சிட்டியா?"

"உறைஞ்சிருந்தது."

"உறைஞ்சது ஜன்னல். உடைச்சது நீ."

மார்ச் 1, சனி

பழைய வண்டிகளைப் பிரிக்கும் நான்கு இடங்களுக்குப் போன் செய்தாயிற்று. இல்லை. நானே சரிசெய்யப் போகிறேன்.

பக்கத்து வீட்டு ஃபோல்கெர்ட் வேலைக்காலம் முழுக்க கிளைடர் விமானங்களில் விமானி தலைக்கு மேலே வரும் மூடியைப் பொருத்தியவர். அதுவும் அக்ரிலிக்தான். விரிசலின் நுனியில் ஊசி அளவுக்கு ஒரு துளை போடு, இல்லாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். தகட்டைக் கரைத்து ஒட்டும் பசை போடு. ஒரு வாரம் கவ்வியில் இறுக்கி வை. இவ்வளவையும் சொல்ல இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"ஸ்பிரிட் மட்டும் கிட்ட கொண்டு போயிடாத. சோப்புத் தண்ணி, அவ்வளவுதான். காதுல விழுந்துச்சா, ஹார்ட்விக்?"

விழுந்தது.

மார்ச் 4, செவ்வாய்

நன்றாக இருந்த கொண்டியையும் கழற்றி, இரண்டையுமே புதிதாக ஒட்டினேன். ஒட்டுவதற்கு முன் இரண்டு இடத்தையும் ஸ்பிரிட்டால் துடைத்தேன்.

ஏன்? பாட்டில் அங்கே இருந்தது. விரலில் எண்ணெய்ப் பசை. முப்பத்து நான்கு வருடம் லத்தீன் கற்பித்தவனுக்கு சோப்புத் தண்ணீர் கொஞ்சம் எளிமையாகத் தோன்றியிருக்கலாம். துடைத்து முடித்த பிறகுதான் ஃபோல்கெர்ட் நினைவுக்கு வந்தார். குனிந்து பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. தெளிவாக இருந்தது. நிபுணர்களுக்கு மிகைப்படுத்துவது தொழில்.

மார்ச் 11, செவ்வாய்

கவ்வியை எடுத்தேன். கச்சிதம். தகடுகளுக்கு நடுவில் பல வருடமாக இருந்த ஈரத்தையும் மீன்தொட்டிப் பம்பால் இரண்டு நாள் காற்று ஊதி விரட்டியிருக்கிறேன். மேலே இருந்த கீறல்களைத் தேய்த்து மெருகேற்றினேன். ஆல்முட் வந்து பார்த்து, "புதுசு மாதிரி இருக்கே" என்றாள். அவளிடமிருந்து இந்த மாதிரி வாக்கியம் லீப் வருடத்துக்கு ஒன்று வரும்.

மார்ச் 12

மாலை வெயில் சாய்ந்து விழும்போது இடது கொண்டியைச் சுற்றி வெள்ளிக் கம்பி போல மெல்லிய கோடுகள். ஏழு. தூசியாக இருக்கும்.

மார்ச் 13

தூசி இல்லை.

மார்ச் 15, சனி

ஃபோல்கெர்ட்டிடம் பொதுப்படையாகக் கேட்டேன்: யாரோ ஒருவர் ஸ்பிரிட் போட்டுவிட்டால் என்ன ஆகும்?

"யாரு அந்த யாரோ?"

"வாசகர் வட்டத்துல ஒருத்தர்."

"அவர்கிட்ட சொல்லு. முதல்ல முடி மாதிரி கோடு வரும். அப்புறம் ஒருநாள் கொண்டி சத்தமே இல்லாம கழண்டுக்கும். வண்டி நூறுல போறப்ப காத்து ஜன்னலைத் தூக்கும். தூக்குச்சுன்னா மேல்சட்டத்துல நிக்காது, பிச்சுக்கிட்டுப் போயிடும். பின்னாடி வர்றவன் பாவம்."

வேறு வழியே இல்லையா என்றேன். உள்பக்கமாகத் தகரப்பட்டை ஒன்று வைத்து நான்கு திருகாணி போட்டு வண்டிச் சுவரோடு பிடித்துவிட்டால் போதுமாம். ஜன்னலைத் திறக்க முடியாது. "பாக்கவும் சகிக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்து பட்டையை வைத்துப் பார்த்தேன். சகிக்கவில்லை. எடுத்துவிட்டேன். மெருகுப் பசையை இன்னொருமுறை தேய்த்தேன். கோடுகள் அடங்கிவிட்டன, பார்வைக்கு.

மார்ச் 18, செவ்வாய்

வண்டிச் சோதனை. சோதனைக்காரர் விளக்கைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், ஜன்னலை விரல் மடக்கி இரண்டு தட்டு தட்டினார். "இந்த வயசு வண்டில இப்படி ஒரு ஜன்னல் நான் பார்த்ததில்ல." நானும்தான்.

ரோமாபுரிச் சந்தையில் மாடு விற்பவன் அதன் குறையை உரக்கச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. வருடா வருடம் பத்தாம் வகுப்புக்கு அதை நடத்தியிருக்கிறேன். மாட்டுக்குத்தான் அந்தச் சட்டம்.

மார்ச் 22, சனி

வாங்க வந்தவர்கள்: வெங்கே, முதியோர் இல்லத்தில் நர்ஸ், அவளுடைய தோரெ, கூரை வேலைக்காரன். ஊர் ஒஸ்னாப்ரூக் நகரத்துப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பே தேனிலவுக்குக் கிளம்பும் திட்டம். ஜன்னல் பக்கம் வடக்கே பார்க்கும்படி வண்டியை முன்தினமே திருப்பி நிறுத்தியிருந்தேன். வெயில் கண்ணில் குத்தாது அல்லவா.

வெங்கே கட்டிலில் படுத்துப் பார்த்தாள். ஜன்னலை உள்ளங்கையால் தடவினாள். "ஒரு கீறல்கூட இல்லயே சார்."

"நல்லாப் பாத்துக்குங்க" என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது?

ஒப்பந்தத்தில் வழக்கமான வரி: பார்த்தபடி வாங்கியது, உத்தரவாதம் கிடையாது. இந்த நாட்டில் இருவர் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால் கடவுளே மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை.

அடுத்த சனிக்கிழமை எடுத்துப் போகிறார்கள். காபி குடிக்கும்போது தோரெ சொன்னான்: "இவ இவ்ளோ பெரிய வண்டிய ஓட்டுனதே இல்ல சார். நான் பைக்ல பின்னாடியே ஒட்டிக்கிட்டு வருவேன். நடுவுல ஒருத்தனையும் விட மாட்டேன்."

அவனுக்கு இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.

மார்ச் 28, வெள்ளி

முப்பத்தொரு கோடுகள். வலது கொண்டியிலும் ஆரம்பித்துவிட்டது.

"சொல்லிட்டியா?" ஆல்முட். நேற்றிலிருந்து இதே கேள்வி. அவளுக்கு எப்படித் தெரியும்? ஃபோல்கெர்ட். வேறு யார்.

"நாளைக்கு சாவி கொடுக்குறதுக்கு முன்னாடி."

"நேத்தும் இதையேதான் சொன்ன."

வாக்கியத்தை எழுதிவைத்திருக்கிறேன்: 'பின்பக்க ஜன்னல் அண்மையில் பழுதுபார்க்கப்பட்டது.' மூன்று முறை படித்தேன். யார் பார்த்தது, எப்படிப் பார்த்தது, எதுவும் அதில் இல்லை. அருமையான வாக்கியம்.

மார்ச் 29, சனி, பதினொன்றே முக்கால்

போய்விட்டார்கள். சொல்லவில்லை. வாயைத் திறந்தேன், அந்தப் பெண் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள் — அப்புறம் எப்படிச் சொல்வது? அவன் பைக்கில் பின்னாலேயே, இரண்டு கை தூரம்கூட இல்லை.

ஆல்முட் வெங்கேக்குப் போன் போட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டாள், ஒழுங்கான பெண். ஊர் எல்லையில் டீசல் போடுகிறேன் என்று கிளம்பும்போது வெங்கே சொன்னாள். அங்கே பிடித்துவிடலாம். கார் சாவி எங்கே — இப்ப போய் உக்காந்து எழுதிக்கிட்டு இருக்கேனே, என்ன மனுஷன் நான்

ஏப்ரல் 3, வியாழன், ஆஸ்பத்திரி

இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டிலும் தோள் எலும்பிலும் கட்டு. வலது கண்ணைப் பற்றி டாக்டர்கள் நாளை பேசுவார்களாம்.

டீசல் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். விரைவுச்சாலையில்தான் பிடித்தேன். பக்கத்தில் போய் விளக்கை அடித்தேன், ஹாரன் அடித்தேன். வீட்டு வேன்காரர்கள் வழியில் ஒருவருக்கொருவர் கையாட்டுவது இங்கே வழக்கம். வெங்கே மலர்ந்து கையாட்டினாள். மறுபடியும் அடித்தேன். மறுபடியும் ஆட்டினாள். ஜன்னலின் கீழ் விளிம்பு படபடத்துக்கொண்டிருந்தது. தோரெயைப் பார்த்துப் பின்னால் போ, போ என்று கை காட்டினேன். இன்னும் ஒட்டிக்கொண்டான்.

அவர்கள் இருவருக்கும் நடுவே காரை நுழைத்தேன். அவன் கையுறையோடு ஒரு விரலைக் காட்டினான். ஒரு நிமிடம் இருக்கும். ஜன்னல் முழுதாகத் திறந்தது, பிறகு அங்கே இல்லை, என் முன்கண்ணாடியில் இருந்தது.

இன்று இருவரும் வந்தார்கள், ஆப்பிள் கேக்கோடு. வெங்கே அழுதாள். வண்டி அவள் பெயரில், எனவே வழக்கும் அவள் மேல் என்று போலீஸ் சொல்லியிருக்கிறது. அவள் ஊரிலிருந்து முதியோர் இல்லத்துக்கு பஸ் கிடையாது, ஓட்டுநர் உரிமம் போனால் வேலையும் போகும்.

"நீங்க குறுக்க பூந்தப்ப அசிங்கமா திட்டினேன் சார்," என்றான் தோரெ. "நீங்க வரலன்னா அது என் கழுத்துக்குத்தான் வந்திருக்கும்."

வெங்கே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வண்டில ஏதாச்சும் மறந்து வச்சிட்டீங்களா சார்? அதுக்குத்தான் பின்னாடி வந்தீங்களா?"

ஆமாம் என்றால் முடிந்தது.

"இல்லம்மா. அந்த ஜன்னல் நிக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வித்தேன்."

தோரெ எழுந்து வெளியே போனான். வெங்கே போகவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். பதிமூன்றாம் தேதியிலிருந்து என்றேன். விரல்விட்டு எண்ணினாள். பிறகு கேக்கின் மேல் தாளை மூடி, நான்கு ஓரமும் அழுத்தி, பைக்குள் வைத்தாள்.

"அந்த போலீஸ்காரர் நம்பர் என்கிட்ட இருக்கு."

எனக்குக் கை வராது என்றேன். அவளே எண்ணை அழுத்தினாள். நான் சொல்லி முடிக்கும்வரை, கை வலித்திருக்கும், போனை என் காதோடு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலையில் அவளுக்கு அது பழக்கமாக இருக்கும்.

முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு போனாள்.